சண்டையைப் படிக்க லண்டனா?

ஐயாவுக்கு வணக்கம்.

பொண்ணின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம், நடுவில் யாரோ வந்து கட்டிங் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போகிறார். திருப்பூரிலிருந்து வரும் அப்பாக்களின் குரல் செய்தி எல்லாமே இப்படித்தான் இருக்கும். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஒழுங்காப் பேசிப் பிரியத் தெரியாதவங்களைப் பத்திப் படிக்கறதுக்கு முப்பது லட்சமாங்க?"

பொண்ணு பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். புராஜெக்டுக்கு பிரெக்ஸிட் பேச்சுவார்த்தையை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் பிரிந்த கதையை எடுத்தாள். இப்போது சர்வதேச வர்த்தகச் சட்டமும் கொள்கையும் படிக்க இங்கிலாந்து போகிறேன் என்கிறாள். நீங்கள் எம்.பி.ஏ. முடித்துக் கம்பெனிக்கு வரட்டும் என்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தேர்ந்தெடுத்த துறை சரி, கிளம்ப நினைக்கும் நேரம்தான் சரியில்லை. ஏன் என்று சொல்ல, அந்தச் சண்டைக்குள்ளேயே கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டிஷ் மக்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா? 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெரும்பான்மை தொடரத்தான் சொன்னது. சரி, வெளியேறி எங்கே போய் நிற்பது? அது சீட்டில் இல்லை. நார்வே மாதிரி உறுப்பினராக இல்லாமலே, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். துருக்கி மாதிரி, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடும் சுங்க ஒன்றியம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கனடா மாதிரி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தள்ளி நிற்கலாம். ஒன்றுமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டும் போகலாம். வெளியேறு என்று வாக்களித்தவர்களே இதில் நாலு பக்கமாக நின்றார்கள். ஒன்றியத்தின் சார்பில் பேசிய மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் இதை ஒரு படிக்கட்டுப் படமாகவே போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் ஒரு நாட்டின் கொடி. நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்குகிறீர்கள் என்பதுதான் அந்தப் படம்.

பாகப்பிரிவினை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டை அளந்து பிரித்துவிடலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்ளத்தான் முடியும். அவர்களுக்கு அந்தக் கிணறு வட அயர்லாந்து. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்துக்குள் இருக்கிறது, வட அயர்லாந்து பிரிட்டனோடு வெளியே போகிறது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேல் சாலைகள். பல ஆண்டு ரத்தக்களரிக்குப் பிறகு 1998இல் வந்த சமாதானத்தால் அங்கே சோதனைச் சாவடி என்பதே இல்லாமல் போயிருந்தது. சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியே போனால் எங்கேயாவது ஓரிடத்தில் சரக்கைச் சோதித்தாக வேண்டும். அந்த இடம் எது என்ற கேள்விதான் தெரசா மே அரசை விழுங்கியது.

அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றம் 432க்கு 202 என்று தோற்கடித்தது. சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று உறுப்பினர்களையே கேட்டார்கள். மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நாலு யோசனை, அதுவும் நாலும் தோல்வி. சுங்க ஒன்றியத்தில் இருப்போம் என்ற யோசனை 273க்கு 276 என்று மூன்றே வாக்கில் போனது. வெளியே தெருவில் லட்சக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். வெளியேற்றத்தையே ரத்து செய் என்ற மனுவில் அறுபது லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது. இந்தப் பக்கம், மூன்று வருடமாக இன்னும் ஏன் வெளியேறவில்லை என்று வெளியேற்றக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2020 ஜனவரி 31இல் வெளியேறினார்கள். வர்த்தக ஒப்பந்தம் முடிந்தது அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது.

இதில் யார் சரி, யார் தப்பு என்பது நமக்கு வேண்டாம். நான் பார்ப்பது வேறு. கருத்துச் சொல்ல அங்கே கோடிப்பேர் இருந்தார்கள். சரக்கு எப்படி எல்லை தாண்டுகிறது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. 1973இல் சேர்ந்த நாள் முதல் பிரிட்டனுக்கான வர்த்தக ஒப்பந்தங்களை எல்லாம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ்தான் பேசியது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்யாத நாட்டில் அதற்கான ஆள் எங்கே வளர்வார்? ஒன்றியத்துக்கான பிரிட்டிஷ் தூதர் ஐவன் ராஜர்ஸ் 2017 ஜனவரியில் பதவி விலகியபோது சக ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார்: பல நாடுகளோடு உட்கார்ந்து பேரம் பேசிய அனுபவம் லண்டன் அலுவலகங்களில் தட்டுப்பாடு, எதிர்த்தரப்பில் அப்படி இல்லை. அந்த ஆண்டே தலைமை வர்த்தகப் பேச்சு ஆலோசகராக க்ராஃபோர்ட் ஃபால்கனர் என்ற நியூசிலாந்துக்காரரைக் கொண்டுவந்தார்கள். 2018 நவம்பரில், அப்போது பிரெக்ஸிட் அமைச்சராக இருந்த டொமினிக் ராப், நாட்டின் சரக்கு வர்த்தகம் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் டோவர்–கலே கடல்வழியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதன் முழு அளவு தமக்கு அதுவரை சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகம் எதற்கு என்று தெரியாத ஏற்றுமதிக்காரரை நினைத்துப் பாருங்கள்.

2017 ஜூலையில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு, பொண்ணிடம் கேளுங்கள், கட்டாயம் பார்த்திருப்பாள். மேசையின் ஒரு பக்கம் பார்னியே குழு, முன்னால் தடித்தடியாகக் காகிதக் கட்டு. எதிர்ப்பக்கம் அப்போதைய பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸின் குழு, மேசை கிட்டத்தட்டக் காலி. பையிலிருந்து எடுப்பதற்குள் படம் எடுத்துவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் அந்தப் படம்தான் நின்றுவிட்டது.

வெளியேறிய பிறகு ஆண்டுக்கு இருபது கோடிக்கும் மேல் கூடுதல் சுங்கப் பத்திரங்கள் நிரப்ப வேண்டிவரும் என்று பிரிட்டிஷ் வருவாய்த் துறையே கணக்குச் சொன்னது. நிரப்பத் தெரிந்த ஆள் இல்லாமல் கம்பெனிகள் அலைந்தன. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி டிரைவர்களின் மதியச் சாப்பாடான ஹாம் சாண்ட்விச்சைக்கூட அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறைச்சி கொண்டுவர இனி அனுமதி இல்லையாம்.

இது உங்கள் தொழிலுக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். உங்கள் பனியன், 6109 என்ற எச்.எஸ். கோடில் (சரக்கின் வகையைச் சொல்லும் எண்) போகிற டி-ஷர்ட், பிரிட்டனில் ஒரு கிடங்கில் இறங்குகிறது. அங்கே வரி கட்டி உள்ளே எடுக்கிறார்கள். அதே பெட்டியை பையர் டப்ளின் கடைக்கு அனுப்பினால்? முன்பு ஒரே சந்தை, லாரி ஏறினால் போதும். இப்போது அயர்லாந்தில் மறுபடி வரி. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வரியே இல்லை என்றுதானே ஒப்பந்தம் என்பீர்கள். அது பிரிட்டனில் உருவான சரக்குக்கு மட்டும். டேக் மாற்றி, அயர்ன் போட்டு, வேறு பாலிபேக்கில் போட்டாலும் உங்கள் பனியன் இந்தியப் பனியன்தான். இதற்குப் பெயர் ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின், சரக்கின் பிறப்பிட விதிகள். அயர்லாந்துக்கு வேண்டியதைத் தனியாக, நேராக அனுப்புங்கள் என்று உங்கள் பையர் யாராவது கேட்டிருந்தால், காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம், 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பின்னலாடைக்கு இருந்த ஒன்பதரை சதவீதத்தை ஒட்டிய வரி பூஜ்யமாவது அதில்தான். பிரிட்டன் ஒன்றியத்துக்குள்ளேயே இருந்திருந்தால் தனியாக இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கவே முடியாது. ஆனால் பூஜ்யம் தானாக வராது. சரக்கு இந்தியாவில் உருவானதுதான் என்று பேப்பரில் காட்ட வேண்டும். அந்தப் பேப்பரைப் புரிந்து படிப்பவர் உங்கள் ஆபீஸில் எத்தனை பேர்?

ஆகவே பொண்ணு தேர்ந்தெடுத்தது வெறும் சண்டை இல்லை. ஆனால் அவளிடம் இப்போது இருப்பதும் அந்தக் கோடிப்பேரிடம் இருந்ததுதான்: கருத்து. அவள் புராஜெக்டை வாங்கிப் படித்தேன், நன்றாக எழுதுகிறாள். அதில் ஒரு ஷிப்பிங் பில்லின் வாசனைகூட இல்லை.

என் யோசனை இது. டிகிரி முடிந்ததும் ஒரு வருடம் அவளை, கம்பெனிகளுக்காகச் சுங்கப் பேப்பர் வேலை பார்க்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் விடுங்கள். உங்கள் கம்பெனியில் வேண்டாம், முதலாளி மகளைத் திருத்த யாருக்கும் வாய் வராது. தூத்துக்குடியிலோ சென்னையிலோ, யாரென்றே தெரியாத இடத்தில் இருக்கட்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் எல்லாம் கை வழியாகப் போகட்டும். முடிந்தால் அந்த வேலைக்கான சுங்கத்துறையின் ஜி கார்டு தேர்வையும் எழுதட்டும். சம்பளம் சொற்பம்தான், அதைப் பார்க்காதீர்கள்.

அதற்குள் அவளுக்கே எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். சட்டம் என்றால் இங்கேயே மூன்று வருட எல்.எல்.பி. போட்டுவிட்டு மேலே போகலாம். கொள்கை என்றால் டெல்லி ஐ.ஐ.எஃப்.டி.யில் (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) வர்த்தகத்தை மையமாக வைத்த பொருளாதார முதுகலை இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு விஷயங்களுக்கென்றே தனி ஆய்வு மையமும் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தது. அரசாங்க மேசையில் உட்கார்ந்து பேச ஆசை என்றால் யு.பி.எஸ்.சி. வழியாக இந்திய வர்த்தகப் பணி, அல்லது சுங்கத்துறை ஐ.ஆர்.எஸ். 'வர்த்தகப் பேச்சுவார்த்தையாளர்' என்று போர்டு மாட்டிய வேலை எந்த நாட்டிலும் கைவிட்டு எண்ணுகிற அளவுதான், அதை அவளிடம் மறைக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கவாட்டு வழிகளில்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

இங்கிலாந்து வேண்டவே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முப்பது லட்சம் கடனோடு இருபத்தோரு வயதில், கையில் அனுபவமே இல்லாமல் வேண்டாம். பிரெக்ஸிட் சண்டையின் பாதி, யாரை உள்ளே விடுவது என்பதுதான். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, மாணவர் விசாவும் அதில் அடிபடுகிறது. முதுகலை முடித்தபின் வேலை தேட இரண்டு வருடம் தங்கலாம் என்பது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். அதன்பிறகு வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பை 2025இல் 41,700 பவுண்டாக ஏற்றினார்கள், புதிதாக வேலையில் சேர்கிற இளையவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண்கள் அடிக்கடி மாறும், பணம் கட்டும் வாரத்தில் பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கமிஷனுக்கு அட்மிஷன் போடும் ஏஜென்ட் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நான் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. 2012 ஏப்ரலில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை அவர்கள் மூடினார்கள். அந்த வருடம் செப்டம்பரில் நான் அனுப்பிய பையன் ஒருவன் பழைய விதியை வைத்தே கடன் கணக்குப் போட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தது நான்தான். ஊர் திரும்பி ஐந்து வருடம் கடன் கட்டினான். இப்போதும் தீபாவளிக்குப் போன் பண்ணுவான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் பொண்ணை அனுப்பி வையுங்கள். நீங்கள் வர வேண்டாம், தனியாகப் பேசிக்கொள்கிறேன். போன மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து இங்கிலாந்து போன ஏதாவது ஒரு ஷிப்மென்ட்டின் முழு பேப்பர் செட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். விலையை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். எச்.எஸ். கோடை மறைக்காதீர்கள்.