ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்களை ஏடபிள்யூஎஸ் சிஸ்டம்ஸ் மேனேஜரில் கமாண்ட் லைன் வழியாகச் சேர்ப்பது உண்மையிலேயே ஒரு வரி வேலையா?

உங்களிடம் முப்பது நாற்பது பழைய சர்வர்கள் இருக்கின்றன, "ஒரு கமாண்ட்தானே, இந்த வாரமே முடிச்சிடு" என்று மேலே இருப்பவர் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். சிஸ்டம்ஸ் மேனேஜர், சுருக்கமாக எஸ்எஸ்எம், என்பது பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க உதவும் அமேசானின் கிளவுட் சேவை.

ஒரு வரிதான், பொய்யில்லை. சர்வரில் எஸ்எஸ்எம் ஏஜென்டை (அந்தச் சேவையோடு பேசும் சிறிய மென்பொருள்) போட்டு, அதை நிறுத்தி, ஆக்டிவேஷன் (சர்வர்களைச் சேர்க்க நம் கணக்கில் உண்டாக்கும் அனுமதி) தரும் கோட், ஐடி, எந்த ரீஜன் (அமேசானின் பிராந்தியம்) என்ற மூன்றையும் கொடுத்து ரெஜிஸ்டர் செய்தால் 'எம்ஐ' என்று தொடங்கும் ஒரு அடையாள எண் வரும். ஏஜென்டைத் திரும்ப ஓடவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த ஆக்டிவேஷன் கோடை உண்டாக்குவது வேறு கமாண்ட். அதற்கு முன்னால் எஸ்எஸ்எம் சேவை எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு ஐஏஎம் ரோல், அதாவது அனுமதிகளின் தொகுப்பு, தயாராக இருக்க வேண்டும். உபுண்டு லினக்ஸில் ஏஜென்ட் ஸ்னாப் என்ற நிறுவல் முறை வழியாக வந்திருந்தால் அது இருக்கும் இடமும் வேறு, சர்வீஸ் பெயரும் வேறு. ஒரு வரி என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு 42 சர்வர்கள். சனிக்கிழமை இரவு பத்திலிருந்து இரண்டு வரை நேரம் கொடுத்திருந்தார்கள். முதல் சர்வர் இரண்டே நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது சேரவில்லை. மூன்றாவதும் இல்லை. ஃபயர்வால்தான் என்று முடிவு செய்து, நெட்வொர்க் பார்க்கும் அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் ஒவ்வொரு ரூலாகப் பார்த்துவிட்டு, "தம்பி, வெளியே போக 443 போர்ட் திறந்துதான் இருக்கு. உங்க பக்கம் இன்னொரு தடவை பாருங்க" என்றார். நான் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் போனது.

பிறகுதான் ஆக்டிவேஷனின் விவரங்களைக் காட்டும் டிஸ்கிரைப் ஆக்டிவேஷன்ஸ் கமாண்டை ஓட்டிப் பார்த்தேன். ரெஜிஸ்ட்ரேஷன் லிமிட்: 1. ரெஜிஸ்ட்ரேஷன்ஸ் கவுன்ட்: 1. நாமாக எண்ணிக்கை கொடுக்காவிட்டால் ஒரு ஆக்டிவேஷனில் ஒரே ஒரு சர்வர்தான் சேரும். ஆயிரம் வரை கொடுக்கலாம், நான் கொடுக்கவில்லை. காலமும் அப்படித்தான். சொல்லாவிட்டால் 24 மணி நேரம், அதிகபட்சம் 30 நாள். கோட் திரையில் ஒரே முறைதான் வரும், தொலைத்தால் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

புது ஆக்டிவேஷனோடு வேலை வேகமாக நகர்ந்தது. கடைசியில் வருகைப் பதிவு ஓடும் ஒரு கிழட்டு சர்வர் மட்டும் மாட்டேன் என்றது. ஏடபிள்யூஎஸ் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழைச் செய்தி. டேட் என்று அடித்தேன். 2009 ஜனவரி என்று காட்டியது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தபோது கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. 2009-இல் நிற்கும் இயந்திரத்துக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, பின் எப்படி ஏற்றுக்கொள்ளும்? நேரத்தைச் சரிசெய்து, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்டிபி-யில் கட்டிவிட்டு ஓட்டினேன். உடனே சேர்ந்தது. மணி 1.50.

இவ்வளவும் எதற்கு, பல சர்வர்களில் வேலையைத் தானாகச் செய்யும் அன்சிபிள் கருவி இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஏஜென்ட் வெளியே பேசுவதால் உள்ளே வர எந்த போர்ட்டையும் திறக்க வேண்டாம் என்பது எங்கள் வாடிக்கையாளருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மைக்ரோசாஃப்டின் இதே மாதிரியான அஸூர் ஆர்க் நல்லது என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. என் அனுபவம் பெரும்பாலும் லினக்ஸில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இரவுக்குப் பிறகு வந்த அப்ரைசலில் 'கிளவுட் மாற்றம்' என்று பாராட்டு வாங்கியது இந்த வேலையைப் பற்றி அறிக்கை தயாரித்த குழு. அந்த 42 சர்வரையும் பெயர் பெயராகத் தெரிந்து வைத்திருந்த எனக்கும், தூக்கம் கெட்டு வந்த அண்ணனுக்கும் 'சப்போர்ட்' என்ற ஒரே சொல். சனிக்கிழமைக்கு மாற்று விடுப்பு கேட்டதற்கு, கேட்டதே தப்பு என்பது போலப் பார்த்தார்கள். பழைய இயந்திரத்தை ஓடவைப்பதும் திறமைதான். அதை யாராவது ஒரு படிவத்தில் எழுத வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் எல்லா சர்வரிலும் நேரத்தையும், வெளியே 443 போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு சர்வரில் சோதியுங்கள், ஒன்றில் அல்ல. ஒன்றில் சோதித்ததால்தான் நான் ஏமாந்தேன். ஆக்டிவேஷனுக்கு டேகுகள் (அடையாளச் சீட்டுகள்) வேண்டுமென்றால் உண்டாக்கும்போதே கொடுங்கள், பின்னால் சேர்க்க முடியாது. சிஸ்டம்ஸ் மேனேஜரின் செஷன் மேனேஜர் வசதி வழியாக சர்வருக்குள் நுழைய ஆசைப்பட்டு, கட்டணம் உள்ள அட்வான்ஸ்டு அடுக்கை இயக்கினால், அந்த ரீஜனில் நீங்கள் இப்படிச் சேர்த்த எல்லா சர்வருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் விழும், முதலில் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

ஆக்டிவேஷன் கோடை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். காலாவதி ஆகும் வரை அதையும் ஐடியையும் வைத்திருக்கும் எவரும் தன் இயந்திரத்தை உங்கள் கணக்கில் சேர்த்துவிடலாம். கடைசி சர்வர் சேர்ந்ததும் ஆக்டிவேஷனை டெலீட் செய்துவிடுங்கள். ஏற்கனவே சேர்ந்தவை அப்படியே இருக்கும்.