கடையில் வாங்கும் அசைன்மென்ட்

அன்புள்ள அம்மா,

எனக்கு 43 வயது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேரலாம் என்றிருக்கிறேன். வரலாறு எடுக்கட்டுமா, பொருளாதாரமா? பின்னால் அரசு வேலைக்கு உதவுமா? வீட்டில், "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள். அசைன்மென்ட் எழுத நேரமில்லை, ஆங்கிலமும் தகராறு. ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்தால் கையாலேயே எழுதித் தருகிறார்களாம், அதைப் பார்த்துக்கொள்வேன்.

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

அரசு வேலைக்குத் தமிழ்நாட்டில் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைக் கேட்பார்கள். உங்களிடம் அது இருக்கும். வயது வரம்பை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். அவ்வளவுதான்.

வீட்டில் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சேலத்தில் ஒரு படிப்பு மையத்தில் கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வரும் எஸ்டேட் சூப்பர்வைசர், அங்கன்வாடி டீச்சர், மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் தானும் சேர்ந்த அம்மா என்று வருவார்கள். எதற்குப் படிக்கிறீர்கள் என்றால் பாதிப் பேர் "புரமோஷனுக்கு" என்பார்கள். டீக்கடையில் நிற்கும்போதுதான் மற்றது வரும்: தம்பி படிக்கட்டும் என்று தன்னை நிறுத்தினது, வாத்தியார் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல். புரமோஷன் வீட்டுக்குச் சொல்ல ஒரு காரணம். உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் அந்த ஜெராக்ஸ் கடை! போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

அம்மாப்பேட்டையில் தறி நெய்யும் ஒரு அக்கா என் வகுப்புக்கு வந்தார். தமிழ்நாட்டுக்கென்று 2002இல் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் சேர்ந்திருந்தார். கூட்டுறவு பற்றி ஓர் அசைன்மென்ட். புத்தகத்தில் இருந்த வரையறையை ஒரே வரியில் முடித்துவிட்டு, நெசவாளர் சங்கத்தில் பாவு நூல் வாங்கி வருவது, சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் குறைக்குக் கூலியில் பிடிப்பார்கள், கூலி வரத் தாமதமானால் யாரிடம் கைமாற்று வாங்குவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். 'லை', 'னை' எல்லாம் துதிக்கை போட்ட பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்ட கை அது. பேரைப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்துவிடும். அடுத்த அசைன்மென்ட் கட்டில் ஒரே பதில், ஒரே பிழையோடு, ஏழெட்டுப் பேருடையது இருந்தது. "விற்பணை" என்று எழுதிய கடைக்காரர் யாரோ, அவருக்குத்தான் அந்த ஏழெட்டுப் பட்டமும் போயிருக்க வேண்டும்.

இக்னோ பி.ஏ.யில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. நீங்கள் 30-ஐத்தான் கணக்குப் பார்க்கிறீர்கள். தேர்வில் மூன்று மணி நேரம் பேனாவை ஓட்ட வேண்டுமே, அதற்குக் கை எங்கே பழகும்? வாத்தியார் முகத்தையே அதிகம் பார்க்காத படிப்பில், நீங்கள் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தருவது இது ஒன்றில்தான். அதையும் விலைக்கு விட்டால் மிச்சம் ஃபீஸ் ரசீதுதான். அடுத்த பட்டறைக் கொலுசில் உங்கள் முத்திரையைக் குத்தி விற்பீர்களா? மாட்டீர்கள். கடைவீதியில் பேர் கெட்டுவிடும்.

ஆங்கிலம் தகராறா? இருக்கட்டும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இலக்கணம் உடைந்தாலும் விஷயம் இருந்தால் மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் போட்டிருக்கிறேன். நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை இழுக்கலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டறையும் வீடும் வைத்திருப்பவர்களை நினைத்துக் கொடுத்ததுதான் அது. முதல் வருடம் ரெண்டே பேப்பர் எழுதுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

அப்புறம், வரலாறா பொருளாதாரமா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளி விலை தினமும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர், பொருளாதாரமே எடுங்கள். ஜூன் தேர்வுக்கு அசைன்மென்ட் கொடுக்கக் கடைசி நாள் வழக்கமாக மார்ச் 31. தேதியை நீட்டிப்பார்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.