காசு சொன்ன பதில் ஏன் மாறியது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, மண்டபத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். கத்தாரில் வேலை இருக்கிறது என்று ஏஜெண்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். விசைப்படகுக்குப் போகும் என் அப்பா வேண்டாம் என்கிறார். நண்பன் சொல்லிக்கொடுத்தபடி, ஐ சிங் என்னும் சீனக் குறிநூலின் முறையில் மூன்று காசுகளை ஆறு முறை போட்டுப் பார்த்தேன். வீச்சுக்கு ஒரு கோடாகக் கீழிருந்து மேலே ஆறு கோடுகள் வரைந்தால், நூலில் உள்ள 64 உருக்களில் ஒன்று அமையும். ஐந்தாம் உருவான ‘காத்திருத்தல்’ வந்தது. இரண்டாவது வீச்சில் மட்டும் மூன்று காசும் தலையாக விழுந்தன. மனம் ஆறாமல் மறுநாளும் போட்டேன். ஆறாம் உருவான ‘வழக்கு’ வந்தது. முன்னதில் பெருநீரைக் கடப்பது நன்று என்றும், பின்னதில் கடப்பது நன்றன்று என்றும் இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இரண்டாம் நாள் வந்ததை விட்டுவிடுங்கள். இதை நான் சொல்லவில்லை, அந்த நூலே சொல்கிறது. உங்களுக்கு விழுந்த இரண்டுக்கும் முன்னால் நிற்கும் நான்காம் உருவின் வாசகம், முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது தொந்தரவு, தொந்தரவு செய்பவனுக்குச் சொல்வதில்லை என்ற பொருளில் அமைந்தது. கணக்கின்படி பார்த்தாலும் இதில் வியப்பில்லை. ஒவ்வொரு கோடும் முழுக்கோடாகவோ உடைந்த கோடாகவோ விழுவதற்குச் சம வாய்ப்பு இருப்பதால், முதல் நாள் வந்த உருவே மறுநாளும் வருவதற்கு 64-இல் ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு.

நம் பக்கத்தில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அது ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும். சௌ அரச மரபின் காலத்தில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கிய ஐ சிங் அப்படிப்பட்டதன்று. ‘போகலாமா’ என்று நீங்கள் கேட்டால், ‘நீ நிற்கும் இடம் இப்படிப்பட்டது’ என்றுதான் அது பதில் தரும். காசுக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நாம் பார்க்க மறுக்கும் பக்கத்தைப் பார்க்க வைக்கும் திறமை இந்த நூலுக்கு இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் உருவில் மேல் மூன்று கோடுகள் நீரைக் குறிக்கும், கீழ் மூன்று வானத்தைக் குறிக்கும். மேகம் ஏறிவிட்டது, மழை இன்னும் இறங்கவில்லை. அதன் கோடுகளைக் கீழிருந்து படித்தால், ஊருக்கு வெளியே காத்திருக்கும் ஒருவன் மணலுக்கு வருகிறான், பிறகு சேற்றுக்கு வருகிறான். ஆபத்தான நீரை ஒவ்வோர் அடியாக நெருங்குகிறான். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டும்போது மூன்று தலையும் விழுந்தால் 9. அது மாறும் கோடு, அதாவது முழுக்கோடு உடைந்த கோடாக மாறும், ஆகவே அதன் வாசகத்தையே முதலில் படிக்க வேண்டும். உங்களுக்கு மாறியது இரண்டாம் கோடு: மணலில் காத்திருத்தல், சிறு பேச்சு எழும், முடிவு நன்று. அடுத்த கோட்டில் அவன் சேற்றில் நின்றுகொண்டு பகைவரைத் தானே வரவழைத்துக்கொள்கிறான். ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவனின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நீங்கள் இன்னும் மணலில்தான் நிற்கிறீர்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதன்று என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வலை பொத்துவதும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் எஞ்சினைப் பிரித்துப் போடுவதுமாக உங்கள் பட்டறைக்கு வேலை கூடத்தானே செய்கிறது? அதுபோல இப்போது செய்ய வேண்டியவை இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். உங்களிடம் கேட்பதோ அதைப்போல் ஐந்து மடங்கு. அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். இதற்குக் காசு போட வேண்டாம். ‘சிறு பேச்சு’ என்பதை உங்கள் அப்பாவின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அஞ்சுவது கடனுக்கா, உங்கள் பிரிவுக்கா, படகுத் தொழிலில் தமக்குப் பிறகு ஆள் இல்லாமல் போவதற்கா என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் கோடு மாறினால் உங்கள் உரு 63-ஆம் உருவாகிறது. அதன் பெயர் ‘முடிந்த பின்’. தொடக்கம் நன்று, முடிவில் குழப்பம் என்பது அதன் வாசகம். கத்தாருக்குப் போவதைப் பற்றியே யோசிக்கும் நீங்கள், ஒப்பந்தம் முடிந்து பாம்பனில் ரயில் இறங்கும் நாளன்று கையில் என்ன தொழில் இருக்கும் என்பதைக் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பழைய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன என்கிறார்கள். அப்படியானால் ஐ சிங்கும் அந்தக் காலத்திலேயே இந்தக் கரைக்கு வந்திருக்குமா?
– ஒரு வாசகர், பெரியபட்டினம்

பதில்: அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் கிடைத்தது உண்மை. அது கப்பல் வந்ததற்கும் சரக்கு இறங்கியதற்கும் சான்று. கப்பலில் வந்தவர் குறி பார்த்தார் என்பதற்குச் சான்றாகாது.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் நர்சிங் படிப்பதா, பி.காம். படிப்பதா என்று குழம்புகிறாள். அவளுக்காக நானே காசு போட்டுப் பார்க்கலாமா?
– ஒரு தாய், சாயல்குடி

பதில்: படிக்கப்போகிறவள் அவள், அம்மா, காசையும் அவளே போடட்டும். இதுவா அதுவா என்று கேட்பதானால் பூவா தலையா போட ஒரு காசே போதும். ‘நர்சிங்கில் சேர்ந்தால் என் நிலை எப்படி இருக்கும்’ என்பதுபோல ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் படிப்பின் பெயரை அவள் முதலில் எழுதுகிறாள் என்பதைக் கவனித்துவிட்டு, காசை அவள் கையில் கொடுத்து, நீங்கள் சற்று நேரம் வெளியே போய்விடுங்கள்.