இன்னொரு பற்றரி வாங்க முன்னர்

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் வயல் செய்கிறேன். யானைக் காவலுக்காகப் பழைய உழவு இயந்திரப் பெட்டி (ரெயிலர்) ஒன்றுக்குத் தகரக் கூரை போட்டு, இரவில் அதிலேயே படுக்கிறேன். பெட்டியில் 500 லீற்றர் கறுப்புத் தாங்கி, 12 வோல்ற் பிறஷர் பம்ப், லொறியில் கழற்றிய 100 ஆம்பியர்-மணி பற்றரி, 12 வோல்ற்றை 230 ஆக்கும் இன்வேட்டர் எல்லாம் இருக்கின்றன. கூரையில் 100 வாட்ஸ் பனல். இரவில் இரண்டு பல்ப், ஒரு மேசை விசிறி. விடியப்புறம் முகம் கழுவப் பார்த்தால் பம்ப் ஓடாது. மத்தியானம், 30 மீற்றர் தள்ளிப் பாத்தியடியில் இருக்கும் பைப்பைத் திறந்தால் தண்ணீர் கொதிக்கிறது. ஒரு வருடத்துக்குள் இது இரண்டாவது பற்றரி. கனடாவில் இருக்கும் மச்சான் இன்னொன்று வாங்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார். அவருடைய கேம்பர் ரெயிலரிலும் தண்ணீர்த் தாங்கி உறையாமல் இருக்கச் சூடேற்றி போட்டுப் பற்றரி இறங்குகிறதாம். இரண்டு பேருக்கும் ஒரு வழி சொல்லுங்கள் அண்ணை.

பதில்: தம்பி, அந்தக் காசை இப்போதைக்குப் பற்றரிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். பகலில் பற்றரிக்குள் போவதைவிட இரவில் வெளியே போவது கூடுதல். அதுதான் பிரச்சினை. இன்னொன்றைச் சேர்த்தால், அதே ஒரு பனல் இரண்டையும் அரைகுறையாக நிரப்பும். இரண்டும் சேர்ந்தே பழுதாகும்.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ற் மேசை விசிறி 45 வாட்ஸ் அளவில் எடுக்கும். எட்டு மணித்தியாலம் சுற்றினால் 360 வாட்-மணி. 9 வாட்ஸ் பல்ப் இரண்டு பத்து மணித்தியாலம் எரிந்தால் 180. இன்வேட்டர் ஒன்றும் பூட்டாமல் சும்மா இருந்தாலே 10, 15 வாட்ஸ் தின்னும். இரவு முழுக்க என்றால் இன்னொரு 150. மொத்தம் 700ஐத் தொடுகிறது. உங்கள் பனல் நல்ல வெயில் நாளில், இழப்புப் போக, 350, 400 தந்தால் பெரிய காரியம். மாரியில் மூடம் போட்ட நாளில் அதில் கால்வாசியும் வராமல் போகலாம்.

பம்பில் பிழை இல்லை. 200 லீற்றர் தண்ணீர் எடுத்தாலும் அது 20, 30 வாட்-மணிக்கு மேல் கேட்காது. கடைசியாக வருகிறபடியால் அதற்கு மிச்சம் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, விசிறியை நிறுத்திக் காது கொடுங்கள். ஒருவரும் திறக்காமலே பம்ப் இடைக்கிடை டுர்ர் என்று ஒரு கணம் ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. ஒரு வோஷர் தேய்ந்திருந்தாலே போதும், விடியும்வரை அப்படித்தான் ஓடும். பம்புக்குத் தனியாக ஒரு சுவிட்ச் போட்டு, படுக்கப் போகும்போது நிறுத்திவிடுங்கள்.

முதல் வேலை, இன்வேட்டரைக் கழற்றுவது. 12 வோல்ற் விசிறி 15 வாட்ஸ் போல்தான் எடுக்கும். 12 வோல்ற் எல்ஈடி பல்ப் 5 வாட்ஸ் காணும். 700 இருந்த இடத்தில் 220 அளவில் நிற்கும். ஒவ்வொரு வயருக்கும் பற்றரியடியிலேயே பியூஸ் போட மறக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ துருசை (மதகை)த் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு ஓடுகிறது. உங்கள் கொட்டிலடியிலும் அதையே செய்யலாம். பெட்டிக்குப் பக்கத்தில், நிலத்தில், பனங்குற்றியில் இரண்டு மீற்றர் உயரத் தாங்குமரம் அடித்து ஒரு 100 லீற்றர் பரல் வையுங்கள். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், வெயில் உச்சியில் நிற்கும்போது, பம்பை ஓட்டி அதை நிரப்புங்கள். பிறகு இரவிலும் விடியலிலும் பம்ப் தேவையில்லை. ஒரு மீற்றர் உயரத்துக்கு 1.4 பிஎஸ்ஐ அழுத்தம்தான் வரும், பீறிட்டுப் பாயாது. முகம் கழுவ, வாளி நிரப்ப அது தாராளம். 500 லீற்றர் தாங்கியை மட்டும் மேலே ஏற்ற வேண்டாம். அது அரை தொன் பாரம். பெட்டியை இழுக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் அலை அடித்தால் பெட்டி பிரண்டுவிடும்.

கொதிக்கிற தண்ணீர் பெரும்பாலும் தாங்கியில் இருந்து வருவதில்லை. ஓரங்குலப் பைப் 30 மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 15 லீற்றர் பிடிக்கும். முதல் வாளி முழுக்க வெயிலில் கிடந்த பைப்புக்குள் இருந்த தண்ணீர். பைப்பை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். தாங்கிக்கு மேலே, தொடாமல் ஒரு முழ இடைவெளி விட்டுக் கிடுகுப் பந்தல் போடுங்கள். அந்த இடைவெளியால் காற்றுப் போக வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் ஈரச் சாக்கைச் சுற்றினால் இன்னும் குளிரும். தாங்கிக்கும் பரலுக்கும் மூடி வேண்டும், வழிகுழாய்க்கு வலை வேண்டும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும்.

பற்றரியையும் தகரத்தின் கீழிருந்து எடுத்து நிழலில் வையுங்கள். சூட்டில் ஆயுள் சரசரவென்று குறையும். லொறிப் பற்றரி எஞ்சின் உதைக்கச் செய்தது. அதற்குள் இருக்கும் ஈயத் தட்டுகள் மெல்லியவை, இரவிரவாக இறக்கினால் தாங்காது. ஊற்றுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்லுத்தன்மை தட்டைக் கெடுக்கும்.

மச்சானுக்கும் சொல்லுங்கள். 60 வாட்ஸ் சூடேற்றி 12 மணித்தியாலம் ஓடினால் 720 வாட்-மணி, உங்கள் கொட்டிலின் பழைய கணக்கு அப்படியே. அவர் முதலில் வண்டியின் அடியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மறைக்கட்டும். தாங்கிக்கும் குழாய்களுக்கும் தடித்த நுரைப்பலகை சுற்றட்டும். கபினுக்குள் இருக்கிற வெதுவெதுப்பு தாங்கி அறைக்குள்ளும் போக ஒரு வழி விடட்டும். சூடேற்றியை 4, 5 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மட்டும் ஓடும்படி தேர்மோஸ்ற்றாற்றோடு பூட்டலாம். வண்டியைப் பாவிக்காத வாரங்களில் தண்ணீரை முழுக்க இறக்கிவிடுவதே நல்லது. ஈயப் பற்றரியை வெறுமையாக விட்டால் கடுங்குளிரில் அதுவே உறைந்து வெடிக்கும். லித்தியம் என்றால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

இதெல்லாம் செய்த பிறகு மூன்று நாள், வெயில் ஏற முன்னர், எல்லாவற்றையும் நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டுப் பற்றரியை வோல்ற் மீற்றரால் அளந்து எழுதி வையுங்கள். 12.4 வோல்ற்றுக்கு மேலே நின்றால் இந்தப் பற்றரியோடேயே காலபோகம் முடிக்கலாம். 12க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் தட்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. அப்போது மச்சானின் காசில் ஆழமாக இறக்கக்கூடிய சோலார் பற்றரி ஒன்று வாங்குங்கள். பழையதோடு சேர்த்துப் பூட்டாமல் தனியாகவே போடுங்கள்.