பணக்காரனின் ஏக்கம் – கடிதம்

வணக்கம் சார்,

பிரெஞ்சு ராக் இசை பற்றிய உரையில் ‘ஸ்டார்மேனியா’வை டிஸ்டோபியா, அதாவது கொடுங்கனவு போன்ற எதிர்கால உலகத்தைச் சொல்லும் ஆல்பம் என்றீர்கள். அதில் பிரபலமான ‘தொழிலதிபரின் ப்ளூஸ்’ பாட்டை மட்டும் தேடிக் கேட்டேன், மொழிபெயர்ப்பையும் படித்தேன். ‘கலைஞனாக ஆகியிருக்கலாமே’ என்று ஒரு பணக்காரன் ஏங்குகிறான். இனிமையான பாட்டு. இதில் டிஸ்டோபியா எங்கே இருக்கிறது? நீளமும் சிக்கலுமான அமைப்புள்ள ராக்கை ப்ராக் ராக் என்கிறார்களே, இது அதுதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வி எளிது. கறாரான ப்ராக் ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ராக் ஓபரா, அதாவது பாட்டுகளாலேயே கதை சொல்லும் ராக் என்பார்கள். பிரெஞ்சுப் பாட்டு மரபான ஷான்சோனும் ப்ராக்கும் நேருக்கு நேர் மோதுவதைக் கேட்க வேண்டுமென்றால், ‘ஆஞ்ஜ்’ என்ற பிரெஞ்சு ப்ராக் குழு 1973-இல் ஷான்சோன் பாடகர் ழாக் பிரெலின் பாட்டொன்றை ஆர்கனோடு பாடியதைக் கேளுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாட்டைப் பாடும் பாத்திரத்தின் பெயர் ஸேரோ ஜான்வியே. கதை நடக்கும் கற்பனை நகரமான மோனோபோலிஸின் பொற்கோபுரம் அவனுடையது. அதிபர் தேர்தலில் நிற்கிறான், ஜெயித்தும் விடுகிறான். 1978-இல் அந்த இரட்டை ஆல்பத்துக்கு மெட்டமைத்த மிஷேல் பெர்ஜே, இவனுக்கா போய் இவ்வளவு நல்ல மெட்டைக் கொடுத்தார் என்று நானும் முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு புரிந்தது, வேண்டுமென்றேதான் கொடுத்திருக்கிறார். நீங்கள் அவனுக்காக இரக்கப்பட்டீர்கள் இல்லையா? ஓட்டுப் போட்டவர்களும் அப்படித்தான் பட்டிருப்பார்கள்.

பாடல்களை எழுதிய லூக் பிளாமோந்தோன், கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். ஷான்சோனில் சொல்தான் முன்னால் நடக்கும், வாத்தியம் பின்னால் வரும். அந்த மரபை அவர் விடவில்லை. கதையில் வரும் டிவி நட்சத்திரம் கிரிஸ்டல், பேட்டியெடுக்கப் போன கலகக்காரனோடு சேர்ந்துவிடுகிறாள். 1974-இல் கடத்தப்பட்டு, கடத்தியவர்களோடே சேர்ந்த பாட்டி ஹெர்ஸ்ட் (Patty Hearst) என்ற அமெரிக்கப் பணக்காரக் குடும்பத்து இளம்பெண்ணின் சாயல் அது.

எனக்குப் பிடித்தவள் இவர்கள் யாருமில்லை. மரி-ழான், பாதாளக் காபிக் கடையில் பரிமாறுபவள். என்னைப் பெற்றுப் போடச் சொல்லி நானா கேட்டேன், வாடகை கட்ட வேண்டுமே என்று வேலைக்கு வருகிறேன் என்கிறாள். தன்னையே இயந்திரப் பரிசாரகி என்று சொல்லிக்கொள்பவளின் கனவு, ஒருநாள் வெயிலில் தக்காளி பயிரிடுவது. அவ்வளவே. கோபுரக்காரனின் கலை ஏக்கத்தைக் கேட்ட காதோடு இந்தத் தக்காளியையும் கேளுங்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டும் அவளுடையதுதான். அதில் தக்காளி இல்லை.

பிரெஞ்சு தடையாக இருந்தால், பாடலாசிரியர் டிம் ரைஸின் ஆங்கில வரிகளோடு 1992-இல் வந்த ‘டைகூன்’ என்ற ஆங்கில வடிவம் இருக்கிறது. மரி-ழானின் அந்தக் கடைசிப் பாட்டை அமெரிக்கப் பாடகி சிண்டி லாப்பர் பாடியிருக்கிறார்.