‘டு அண்ட் ஃப்ரோ’: போவதும் வருவதும்

கேள்வி: நேர்முகத் தேர்வு அழைப்புக் கடிதம் ஒன்றில், தேர்வுக்கு வருவோருக்கு ‘டு அண்ட் ஃப்ரோ’ ரயில் கட்டணம் வழங்கப்படும் என்றிருந்தது. ‘ஃப்ரோ’ என்பதற்கு என்ன பொருள்? இதுவும் ‘பேக் அண்ட் ஃபோர்த்’ என்பதும் ஒன்றுதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘ஃப்ரோ’ என்பதற்கு ‘இருந்து’ அல்லது ‘விலகி’ என்று பொருள். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஃப்ரா’ என்றிருந்த சொல்லே ஆங்கிலத்தில் ‘ஃப்ரோ’ ஆயிற்று. ‘ஸ்கை’, ‘எக்’, ‘டேக்’ போன்ற அன்றாடச் சொற்களும் அம்மொழியிலிருந்து வந்தவையே. ஆனால் அவை இன்றும் தனித்து வழங்குகின்றன. ‘ஃப்ரோ’வோ பொதுவழக்கு ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறது. ஆகவே ஓர் ஊரிலிருந்து வந்தேன் என்று சொல்ல ‘ஃப்ரம்’ வேண்டுமே தவிர, ‘ஃப்ரோ’ அங்கே பொருந்தாது.

இத்தொடரின் உயிர்நாடி, அசைவு திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பதில் இருக்கிறது. ஊசலின் குண்டு ஒரு புறம் சென்று மறுபுறம் திரும்பி, மீண்டும் சென்று மீண்டும் திரும்புவதையே பள்ளி இயற்பியல் நூல்கள் ‘டு அண்ட் ஃப்ரோ’ இயக்கம் என்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் அது அலைவு இயக்கம். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், நோவா பேழையிலிருந்து வெளியே விட்ட காகம் வெள்ளம் வற்றும்வரை ‘டு அண்ட் ஃப்ரோ’ பறந்ததாக வருகிறது. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘போகிறதும் வருகிறதுமாய் இருந்தது’ என்கிறது. ஒரு முறை போய் ஒரு முறை வந்தது அன்று; ஓயாமல் போய்வந்துகொண்டே இருந்தது என்னும் தொடர்ச்சியை அந்தத் தமிழ் முழுமையாகப் பிடித்துவிடுகிறது. இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பை நான் காணவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அங்கே ஒரே ஒரு முறை போவதற்கும் ஒரு முறை திரும்புவதற்கும் ஆகும் கட்டணமே குறிக்கப்படுகிறது. இது இந்திய அலுவலக ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. பயணப்படி விதிகளிலும் தேர்வு அறிவிப்புகளிலும் நெடுங்காலமாக இடம்பெற்று, எல்லோருக்கும் ஐயமின்றிப் புரிகின்ற ஒன்றைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் இங்கிலாந்துக்காரர் இதனை ‘ரிட்டர்ன் ஃபேர்’ என்றும், அமெரிக்கர் ‘ரவுண்ட் ட்ரிப்’ கட்டணம் என்றுமே எழுதுவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுதும்போது அச்சொற்களைக் கையாளுவதே நல்லது. தமிழில் எழுதுவோருக்குப் ‘போகவரக் கட்டணம்’ என்னும் அழகான வழக்கு உண்டு.

‘பேக் அண்ட் ஃபோர்த்’ என்பதும் அசைவைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதே பொருள்தான். ஆனால் அது பேச்சில் மிகுதியாக வருவது. அசைவோடு நில்லாமல் உரையாடலுக்கும் நீள்வது. இருவர் மாறி மாறிக் கடிதம் எழுதி ஒரு செய்தியைப் பேசித் தீர்ப்பதை அமெரிக்கர் ‘பேக் அண்ட் ஃபோர்த்’ என்று பெயர்ச்சொல்லாகவே சொல்கின்றனர். முடிவெடுக்க இயலாமல் மனம் ஊசலாடுவதற்கும் அதுவே பயன்படும். பிரிட்டிஷ் வழக்கில் ‘டூயிங் அண்ட் ஃப்ரோயிங்’ என்று மற்றொரு வடிவம் உண்டு. ஒரு சான்றிதழுக்காக அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடப்பதை அது குறிக்கும்; நம் ‘அலைச்சல்’ என்ற சொல்லில் உள்ள சலிப்பு அதிலும் உண்டு.

கேள்வி: ‘டு அண்ட் ஃப்ரம்’ என்று சிலர் எழுதுகிறார்களே, அது பிழையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பின்னால் இடத்தின் பெயர் வந்தால் அதுவே சரி. விமான நிலையத்துக்குச் செல்லவும் அங்கிருந்து திரும்பவும் வண்டி ஏற்பாடு உண்டு என்று சொல்ல, ‘டு அண்ட் ஃப்ரம்’ என எழுதி ‘ஏர்போர்ட்’ என்பதைச் சேர்க்க வேண்டும். அங்கே ‘ஃப்ரோ’ போட்டால் வாக்கியம் கெடும். இடப்பெயர் தொடராமல் அசைவின் தன்மையை மட்டும் சொல்லும்போது ‘டு அண்ட் ஃப்ரோ’ வரும். அது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் அடைமொழியாக நின்றால் மூன்று சொற்களுக்கும் இடையே இணைப்புக்கோடு இடுவர்; வினைக்குப் பின் வந்தால் கோடு வேண்டியதில்லை.