25 வயது நிறையும் முன் விண்ணப்பித்துவிடுங்கள்

கேள்வி: 2009இல், எட்டு வயதில், அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தேன். அம்மாவின் அகதி விண்ணப்பமும் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எதுவும் செய்யவில்லை. நன்றாகப் படித்தும் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. இன்னும் ஐந்து மாதத்தில் எனக்கு 25 வயது. "இருபது வருடம் முடியட்டும், அதுவரை பேசாமல் இரு" என்கிறார் மாமா. தங்கை இங்கேயே பிறந்தவள், 12 வயது. அவளுக்கும் விசா இல்லை. என்ன வழி?

பதில்: தம்பி, மாமா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு இந்த ஐந்து மாதத்தையும் விட்டுவிட்டால், கையில் இருக்கிற நல்ல வழி போய்விடும்.

பிரித்தானியக் குடிவரவு விதிகளில் ‘பிரைவேட் லைஃப்’ (தனிப்பட்ட வாழ்க்கை) என்றொரு பிரிவு உண்டு. 18 வயதுக்கு முன் இங்கே வந்து, வாழ்நாளில் பாதியையாவது தொடர்ச்சியாக இங்கேயே கழித்தவர், 25 வயது நிறையும் முன் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம். விசா இல்லாமல் இருந்த காலமும் கணக்கில் சேரும். உங்களுக்குப் பாதிக்கும் மேலேயே ஆகிவிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் வயதைத்தான் பார்ப்பார்கள். முடிவு பிறகு வந்தாலும் பரவாயில்லை.

மாமா சொல்லும் இருபது வருட விதியும் உண்மைதான். ஆனால் அதில் விசா கிடைத்தபின் நிரந்தர வதிவிடத்துக்கு இன்னும் பத்து வருடம் போக வேண்டும். உங்கள் வழியில், இப்போதைய விதிப்படி, ஐந்து வருடம் போதும். நிரந்தர வதிவிட விதிகளை இறுக்கப்போவதாக அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. தள்ளிப்போடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

இந்த கேஸ்கள் பெரும்பாலும் சட்டத்தில் சறுக்குவதில்லை, ஆதாரத்தில்தான் சறுக்குகின்றன. 2009இலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடத்துக்கும் நீங்கள் இங்கே இருந்ததைக் காட்டும் தாள் வேண்டும். பள்ளிக்கூடக் கடிதங்கள், ரிப்போர்ட், ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, தடுப்பூசி விவரம், எதையும் விடாதீர்கள். இப்படி விண்ணப்பிக்க வந்த ஒரு பிள்ளைக்கு 2014ஆம் வருடத்துக்கு மட்டும் ஒன்றுமே அகப்படவில்லை. தாயார் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அடியில், பள்ளி நீச்சல் வகுப்பில் கொடுத்த சான்றிதழ், திகதியோடு கிடந்தது. உங்கள் அம்மாவிடமும் அப்படியொரு டின் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இல்லாதவற்றை, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பள்ளியிடமும் ஜிபியிடமும் எழுதிக் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமில்லாமல் தர வேண்டும். விசா விஷயங்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸிடம் இருக்கும் உங்கள் ஃபைலையும் அப்படியே எடுக்கலாம்.

இந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள், தொடர்ச்சி அறுந்துவிடும். பொலிஸ் வழக்கு ஏதாவது இருந்தாலும், வேறொருவர் பெயரில் வேலை செய்திருந்தாலும், சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் ஹோம் ஒஃபிஸ் கண்டுபிடித்தால் கேஸே கெட்டுவிடும்.

கட்டணமும் மருத்துவ சேவைக்கான தொகையும் சேர்ந்தால் 4,000 பவுணை ஒட்டி வரும். அவ்வளவு கட்ட வசதியில்லை என்று காட்ட முடிந்தால் கட்டண விலக்கு கேட்கலாம். அதற்கும் ஆதாரம் சேர்க்க நாள் பிடிக்கும். பிறந்தநாள் வாரம்வரை இழுத்தடிக்காதீர்கள்.

சரி, தங்கை. அவள் இங்கே பிறந்து, முதல் பத்து வருடமும் இங்கேயே வளர்ந்திருந்தால், 1981 பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 1(4) பிரிவில் பிரித்தானியப் பிரஜையாகப் பதிவு செய்யலாம். பெற்றோருக்கு விசா இருந்ததா என்பது அதில் கேள்வியே இல்லை. பிள்ளைகளுக்கும் கட்டண விலக்கு உண்டு. இரண்டு வருடமாக அந்த உரிமை சும்மா கிடக்கிறது, பாருங்கள்.

அவள் பிரஜையானால் அம்மாவுக்கும் ஒரு வாசல் திறக்கும். பிரித்தானியப் பிள்ளையை நாட்டை விட்டுப் போகச் சொல்வது நியாயமில்லை என்றால், அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரை நாட்டை விட்டு அனுப்புவது பொதுநலனுக்குத் தேவையில்லை என்கிறது 2002ஆம் ஆண்டுக் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 117பி பிரிவு. அம்மாவுக்கு அது தானாகக் கிடைக்காது. தனியாக விண்ணப்பித்து வாதாட வேண்டும்.

விண்ணப்பித்தால் முகவரி ஹோம் ஒஃபிஸுக்குத் தெரிந்துவிடுமே என்று அம்மா பயப்படுவார். அகதி கேஸ் போட்டதால் குடும்பத்தின் விவரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நடவடிக்கை வரலாம் என்பதும் உண்மை. அதனால்தான் ஆதாரம் சரியாக அமைந்தபின் போட வேண்டும் என்கிறேன்.

கடையில் ஃபோர்ம் நிரப்பித் தருபவர்களிடம் போகாதீர்கள். தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம். பதிவு பெற்ற சொலிசிட்டரையோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்தவரையோ இந்த வாரமே பாருங்கள். போகும்போது தங்கையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.